தனகோட்டிக்குப் பட்டியலில் இடம்

வடக்குத்து கிராமத்து தனகோட்டி இறந்து ஏழு மாதம் ஆகிறது. இன்றும் காலை எட்டு மணிக்கு போன் அடித்தால் அவர்தான் என்று எடுக்கப் போகிறேன். "சிஸ்டர், மாத்திரை போட்டுகினேங்க" என்று சொல்ல அவர் தினமும் கூப்பிடுகிற நேரம் அது. சில நாள் போன் அடிக்காமலேயே அந்தக் குரல் கேட்கிறது.

நான் அகிலா, நெய்வேலியில் சின்ன அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இரண்டு மூன்று நோய் சேர்ந்து, அடிக்கடி ஆஸ்பத்திரியில் போய் விழுகிற முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, வாரம் தவறாமல் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. நானும் டாக்டர் கிருஷ்ணப்ரியாவும்தான் மொத்தப் படையும்.

தனகோட்டி சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, பர்மனன்ட் ஆகாமலே வெளியே வந்தவர். சர்க்கரையோடு இதயமும் பலவீனம். உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். எங்களிடம் சேருவதற்கு முந்தைய வருஷம் மட்டும் ஆறு முறை ஆஸ்பத்திரியில் படுத்தார். சேர்ந்த பிறகு இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. எடை பார்ப்பது, காலை அமுக்கிப் பார்ப்பது, நீர் மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது, இவ்வளவுதான் வைத்தியம். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

அறக்கட்டளைக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். இந்த ஒருவருக்கு ஆகிற செலவில் ஐம்பது காய்ச்சல்காரர்களைப் பார்க்கலாமே என்றார்கள். கேள்வியில் தப்பில்லை, கேட்ட தோரணைதான் எனக்கு எரிச்சல். தேறியவர்களை நிறுத்திவிட்டு, காத்திருப்பவர்களைச் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. "அடுத்த வாரம் லிஸ்ட்டை மாத்தி எழுதறாங்க, யார் யார் இருக்கணும்னு பார்ப்பாங்க" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். தேறியவர்களைத்தான் நீக்குவார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவசரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தனகோட்டி லுங்கியில் இல்லை. முழு பேன்ட், இஸ்திரி போட்ட சட்டை.

"என்னங்கய்யா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றேன்.

சிரித்தார். "நல்லாத்தான் இருக்கறேங்க சிஸ்டர். ஒரு கொறையும் இல்லீங்க."

எடை சரியாகவே இருந்தது. பேன்ட்டைச் சுருட்டிக் காலைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் வாராவாரம் அமுக்கிப் பார்த்த காலை அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. 'தேறியவர்' என்று எழுதினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய், அவருக்குரிய நேரத்தில், புதிதாகச் சேர்ந்த புஷ்பவல்லி வீட்டில் இருந்தேன். வியாழக்கிழமை விடிவதற்குள் தனகோட்டி மூச்சுத் திணறிப் போய்விட்டார். அவரை நிறுத்திய கடிதம் ஆபீஸ் மேசையை விட்டு இன்னும் கிளம்பியிருக்கவில்லை. புஷ்பவல்லி இப்போது கடைக்கு நடந்து போகிறார். அதை நினைத்து சந்தோஷப்படவும் என்னால் முடியவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி மாணிக்கம்மாள் சொன்னார்: "நீங்க கடைசியா வந்தப்பவே நாலு நாளா காலு வீங்கிகினுதான் இருந்துச்சுங்க. சிஸ்டர்கிட்ட வாயத் தொறக்காதன்னுட்டாரு. நல்லா இருக்கறவனத்தான் பர்மனன்ட் பண்ணுவாங்க, நோவுன்னு சொன்னா கழிச்சிடுவாங்கன்னாரு. எடை ஏறிடக் கூடாதுன்னு மொத நாளே சோறு தின்னல, தண்ணிகூட குடிக்கல."

என் அப்பா அதே சுரங்கத்தில் பர்மனன்ட். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இப்படி ஒருவர் நினைப்பார் என்று தோன்றவே இல்லை.

"அந்த லிஸ்ட்ல அவரு பேரு இருந்துச்சுங்களா?" என்று மாணிக்கம்மாள் கேட்டார்.

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்று, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்: "ஒன்ன எடுத்துகினாங்களாம்யா!"