பால் வாளியில் போட்ட ஓட்டு

பஞ்சாலை அக்கா மேல் வெந்நீரை ஊற்றிய இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள்தான்.

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து இரண்டாவது வருஷம் அது. பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். ரப்பர் மரத்தில் பாதியை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி போட்டிருந்தோம்.

லயத்து முனையில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் கடை வைத்திருந்தாள் அக்கா; பஞ்சாலை என்பது அவள் பேர். சண்டைக்கு முன்னால் தோசையும் தேத்தண்ணியும் விற்றவள். அரிசி இல்லாமல் போனதும் அவித்த கிழங்கு, வறுத்த சோளத்தில் காப்பி என்று வியாபாரத்தை மாற்றிக்கொண்டாள். புருஷன் ஆறுமுகத்தை முதல் லாரியிலேயே சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போயிருந்தார்கள். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நாங்கள் கிழங்குக்காக மட்டும் அங்கே போகவில்லை. ஊரில் என்ன நடந்தாலும் அதைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கப் போவோம். அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வாள். "ஜப்பான்காரன் நோட்டுல வாழைமரம் போட்டிருக்கான். அதை வெச்சு ஒரு வாழைப்பழம் வாங்கிக் காட்டச் சொல்லுலா, பார்ப்போம்."

சிரிப்போம். பயந்துகொண்டேதான் சிரிப்போம்.

ஒருநாள் வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி குலசேகரம் ஒரு அறிவிப்பு வாசித்தார். தோட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமாம். அவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமாம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு நிற்பதாகச் சொன்னான். யாரும் எதிர்பார்க்காமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அர்ச்சுனனும் கையைத் தூக்கினான்.

அன்று சாயந்திரம் கிராணி காப்பி குடிக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். அக்கா கேட்டாள்: "தலைவருக்கு என்ன வேலைங்கய்யா?"

கிராணி சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அறுபது பேரின்ரை பெயர் குடுக்கோணும். சயாமுக்கு. தங்கச்சி, இதை வெளியில கதைக்காதேயும்."

மறுநாள் காலை கடைக்கு வந்த எல்லாரிடமும் கதைத்துவிட்டாள்.

"நம்மள லாரியில ஏத்த ஒரு ஆளு வேணுமாம். அந்த ஆளையும் நாமே பொறுக்கிக் கொடுக்கணுமாம். தங்கராஜு வீட்டுக்கு வீடு அரிசி கொடுக்கிறானே, அது எந்த அரிசி? போன மாசம் ரேஷன்ல நமக்குக் குறைச்சுப் போட்ட அரிசி."

எங்கள் வீட்டிலும் அந்த அரிசியை வாங்கியிருந்தோம். 

மத்தியானம் தங்கராஜுவின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பானைகளை உதைத்து உடைத்தான். மற்றவன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை எடுத்து அவள் வலது தோளில் கவிழ்த்தான். அந்த அலறல் கிழங்குக் காடு வரைக்கும் கேட்டது. நாங்கள் ஓடிப் போனபோது மண்ணில் புரண்டுகொண்டிருந்தாள். கையில் தோல் வழன்று துணி மாதிரி தொங்கியது. அர்ச்சுனனும் அவன் பெண்சாதி மாரியம்மாவும்தான் தேங்காய் எண்ணெய் தடவி, வாழை இலையில் கிடத்தினார்கள்.

நாலாம் நாள் கடையைத் திறந்தாள். இடது கையால் கிழங்கு எடுத்துக் கொடுத்தாள். "இந்த வாயை ஒண்ணும் பண்ணலையே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் இரண்டு பால் வாளிகளை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. வேண்டியவர் வாளியில் போட வேண்டும். மறைவு ஒன்றும் கிடையாது. தங்கராஜு தன் வாளிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் ஜப்பான் அதிகாரியும், துப்பாக்கியில் கத்தி செருகிய நாலு சோல்ஜர்களும் நின்றார்கள்.

என் அண்ணன் கணேசமூர்த்தி தங்கராஜு வாளியில் போட்டான். நானும் அதிலேயே போட்டேன்.

பஞ்சாலை அக்கா முறை வந்தது. கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: "யாரையும் அனுப்ப வேணாம்னு நினைக்கிறவ எந்த வாளியில போடணும்?"

கிராணி அதை மொழிபெயர்க்காமல் தலை குனிந்துகொண்டார். "சொல்லுய்யா!" என்று தங்கராஜு அதட்டினான். அவர் மலாய் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சோல்ஜரின் துப்பாக்கிக் கட்டை அவள் வாயில் இறங்கியது. பற்கள் தெறித்து விழுந்தன. விழுந்தவளைத் தூக்க அர்ச்சுனன் ஓடினான். அவனைப் பிடித்து, களத்து ஓர மரத்தில் கட்டி, மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். ஜப்பான்காரன் கை ஓய்ந்ததும் தங்கராஜு பிடியை வாங்கி அடித்தான். நாங்கள் நூறு பேருக்கு மேல் நின்றோம். ஒருவரும் அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் அர்ச்சுனன் மரத்திலேயே செத்துப்போனான்.

மிச்சக் கொட்டைகளெல்லாம் ஒரே வாளியில் விழுந்தன. தங்கராஜு தலைவனானான்.

பத்து நாளில் லாரி வந்தது. அவன் வாசித்த அறுபது பெயரில் என் அண்ணன் பெயரும் இருந்தது. "மண்டோரே, நான் உங்களுக்குத்தானே போட்டேன்!" என்று அண்ணன் கத்தினான். ஒரு சோல்ஜர் அவன் தலைமுடியைப் பிடித்து லாரிக்குள் எறிந்தான். பிறகு அண்ணனை நான் பார்க்கவே இல்லை.

ஜப்பான்காரன் சரண்டரான மறுவாரம், காட்டில் ஒளிந்திருந்து அவனோடு சண்டை போட்ட ஆட்கள் ஐந்து பேர் தோட்டத்துக்குள் வந்தார்கள். தங்கராஜுவைக் கோழிக் கூண்டுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து களத்தில் முட்டிபோட வைத்தார்கள். அவன் பெண்சாதி ராக்கம்மா வந்தவர்களின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இவன் சாகணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றான் அவர்களுடைய தலைவன்.

எல்லாக் கையும் மேலே போனது. எனக்கு அண்ணன் ஞாபகம். இரண்டு கையையும் தூக்கினேன்.

பஞ்சாலை அக்கா மட்டும் தூக்கவில்லை. "உனக்குத்தானேம்மா முதல் உரிமை" என்றான் தலைவன். முன்பல் இல்லாத வாயோடு அவள் எங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"இவன் மேல எனக்கு இரக்கம் இல்லை. ஆனா இவங்க கையை நீ நம்பாதே. அன்னைக்கு இதே கைதானே இவன் வாளியில கொட்டையைப் போட்டுச்சு?"

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. என் கைகளும் இறங்கின. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தலைவன் துப்பாக்கியை எடுத்தான். பிறகு, "ஓட்டு எதுக்கு, எனக்கே தெரியும்" என்று சொல்லி, தங்கராஜுவின் பிடரியில் சுட்டான். இரத்தம் ராக்கம்மா சேலையில் தெறித்தது. அக்கா அவளைத் தூக்கி நிறுத்தி, லயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த மாசமே கடையைப் பிரித்துவிட்டு அக்காவும் மாரியம்மாவும் மந்தின் பட்டணத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே தோசைக் கடை போடப் போவதாக அக்கா சொன்னாள். நான்தான் ஆட்டுக்கல்லை ரோடு வரைக்கும் சுமந்து வந்து லாரியில் ஏற்றினேன். "பார்த்து வை தம்பி, விரலை நசுக்கிக்காதே" என்றாள் அக்கா. மாரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.