நாலாவது இழுப்பு

என் தங்கையின் கணவர் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கப் போவதாகச் சொல்லிப் போன் செய்தார். "மச்சான், உங்களுக்குத்தான் மிஷினு தெரியுமே. ஒருவாட்டி வந்து எஞ்சினப் பாத்து சொல்லுங்க." அவர் எனக்குப் போன் செய்தது ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு வீட்டுக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது, அது பிறவிக் குணம்.

ஆறு வருஷத்துக்கு முன் என் தங்கை செய்யூர்ப் பக்கத்து எங்கள் ஊரை விட்டு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனாள். அவள் கட்டிக்கொண்டவர் மீன் பிடிக்கிறவர், வேறு சாதி. அப்பா பேச்சை முறித்துக்கொண்டார், நான் அப்பாவுக்கு ஒத்து ஊதினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. குழந்தை பிறந்ததற்கும் போகவில்லை. அப்பா இறந்த வீட்டில் அவளைப் பார்த்தேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்ததெல்லாம் பொங்கலுக்கு ஒரு வாட்ஸப் படம்தான்.

எனக்குக் கல்பாக்கத்தில் பம்புகளைப் பழுது பார்க்கிற வேலை. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நான் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிக்கொண்டு திரிவேன்.

படகைக் கடப்பாக்கம் பக்கம் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஃபைபர் படகு, உடம்பெல்லாம் நீலம். விற்கிறவர் எங்கள் வயசுக்காரர்தான், பெரிய விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டார். தங்கையின் கணவர் படகைச் சுற்றி வந்து விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். எஞ்சினை என்னிடம் விட்டுவிட்டார். அதை ஒரு டிரம்மின் விளிம்பில் மாட்டி, காற்றாடி முங்குகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கரையில் எஞ்சின் சோதிப்பது இப்படித்தான்.

விற்கிறவர் கயிற்றை இழுத்தார், ஒரே இழுப்பில் ஓடியது. நான் ஸ்குரு டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றி ஒரு பத்துப் பேர், அதில் எங்களோடு வந்த குப்பத்து ஆட்கள் நாலு பேர். "சாரு எஞ்சினியரு" என்று விற்கிறவர் சொன்னார். நான் திருத்தவில்லை. புகையின் நிறத்தைப் பார்த்தேன், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்ல எஞ்சின். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றேன்.

"ஒருவாட்டி நிறுத்திட்டு இழுக்கலாமா?" என்றார் தங்கையின் கணவர்.

அவரே நிறுத்தினார். இழுத்தார், எடுக்கவில்லை. மறுபடி இழுத்தார், எடுக்கவில்லை. மூன்றாவதும் இல்லை. நாலாவது இழுப்பில்தான் இருமிக்கொண்டு எடுத்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சூடானால், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் கைவிடுகிறது. இன்று நாலாவது இழுப்பு, அடுத்த மாதம் நாற்பது இழுத்தாலும் எடுக்காது. கரைக்கு வரும்போது அலைக்கு நடுவில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும், அப்படிக் கவிழ்ந்த கதைகளை இந்தப் பக்கம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

அவர் என்னைப் பார்த்தார். "இன்னா மச்சான்?"

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வாயை விட்டு ரெண்டு நிமிஷம் ஆகவில்லை. பத்துப் பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். "புதுக்கை இழுத்தா அப்படித்தான். ஒண்ணும் இல்ல, எடுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். படகை வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. வேலையிடத்தில் ஒரு போல்ட்டை மூன்று தடவை முடுக்கினேன். தங்கை நம்பரைப் போட்டுப் போட்டுக் கட் பண்ணினேன். என்ன சொல்வது, உன் புருஷன் உயிரை விட எனக்கு என் மூஞ்சி பெரிதாகப் போய்விட்டது என்றா? நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு, கடலுக்குப் போகும் முன் அவரை நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன். குப்பத்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. தங்கை மீன் கூடையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே போய்விட்டார் என்றாள்.

எட்டு மணிக்குள் வந்துவிடுவார் என்றாள். எட்டரை ஆயிற்று. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. நான் தண்ணீர் ஓரம் வரை போவேன், திரும்பி வருவேன், போனைப் பார்ப்பேன், மறுபடி போவேன்.

"ஒக்காருண்ணே. நீ நடந்துகினே இருந்தா அவரு போட்டு சீக்கிரமா வந்துடுமா?"

அவளிடம் சொல்லிவிட்டேன். நாலாவது இழுப்பு, காயில், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கூடையை நகர்த்தி வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு வூட்டுக்கு வந்தவுடனே சொன்னாரு, காயிலு போவுதுன்னு. புது காயிலுக்குச் சொல்லிக் கீறாரு, இன்னும் வரல. அதான் கடலுக்குள்ள போனா எஞ்சின நிறுத்தறதே இல்ல. வலை இழுக்கறப்பக்கூட ஓடிகினேதான் கீது."

"தெரிஞ்சுமா வாங்கினாரு?"

"நீ சரின்னுட்டியே. எங்க விசயத்துல நீ சரின்னு சொன்னது அது ஒண்ணுதான். அத்தப் போயி எப்டிமே வாணாம்னு சொல்றதுன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்கக்கூடாது என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேதான் வந்தது. அலை தாண்டி, மணலில் மூக்கை ஏற்றிய பிறகுதான் நிறுத்தினார். படகைத் தள்ள வந்தவர்களில் அன்றைக்கு டிரம்மைச் சுற்றி நின்ற ஒருவர் என்னைக் கண்டுகொண்டார். "இன்னா சார், நீங்க பாத்த எஞ்சினு ஜோரா ஓடுதே" என்றார்.

"இல்லங்க. அது ரிப்பேரு. அன்னைக்கே எனக்குத் தெரியும், மறைச்சுட்டேன்" என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தங்கையின் கணவர் யாரையும் பார்க்கவில்லை. எஞ்சினைப் படகிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கரையில் எஞ்சினை யாரும் விட்டு வைப்பதில்லை, வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். "அத்த அப்பால பேசிக்கலாம் மச்சான்" என்றார். "இந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். என் பேன்ட்டெல்லாம் கெரசின். ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம், தங்கை முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். அவர்கள் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.