மரம் தள்ளிவிடாத இசக்கிச்செல்வி

இலஞ்சியில் தென்னை ஏறும் பெண்கள் மூன்று பேர் உண்டு. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு ஸ்கூட்டி, மூன்று மிஷின். மிஷின் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு காலுக்கும் இரண்டு இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றிப் பிடிக்க இரும்புக் கம்பி வடம், அவ்வளவுதான். அதில் நின்றுகொண்டு வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றித் தூக்கினால் ஆள் மேலே போய்க்கொண்டே இருக்கலாம். மூன்று பேரில் மூத்தவள் இசக்கிச்செல்வி. அவள் ஏறுகிற வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்ட அணில்கள் குடும்பத்தோடு பண்பொழிப் பக்கம் குடிபோய்விட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டது என்று விசாரித்துப் போனால், கடைசியில் இசக்கிச்செல்வி வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இப்பேர்ப்பட்டவள் போன வருஷம் ஆனியில் காலை ஒடித்துக்கொண்டாள். எப்படி என்கிறீர்களா? சும்மா நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டி சாய்ந்து.

அன்றைக்குப் பலவேசம் அண்ணாச்சி தோப்பில் வெட்டு முடிந்திருந்தது. சாரல் விழுந்து விழுந்து வாய்க்கால் ஓரத்து மண் களியாய் ஊறிக் கிடந்தது. இசக்கிச்செல்வி தன் மிஷினையும் தங்கத்தாயின் மிஷினையும் ஒரே வண்டியில் ஏற்றினாள். பாரம் தாங்காமல் ஸ்டாண்டு மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. வண்டி, எருமை படுப்பதுபோல நிதானமாக அவள் பக்கம் சாய்ந்தது. ஒதுங்கியிருக்கலாம். மிஷின் வளைந்துவிடுமே என்று தாங்கிப்பிடிக்கப் போனாள். வண்டியும் இரண்டு மிஷினும் அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்தன. எலும்பு முறிந்த சத்தம் மட்டை முறிகிற சத்தம் மாதிரியே கேட்டதாம்.

பார்த்த ஒரே ஆள் தங்கத்தாய். மூன்று பேரில் நடுவுள்ளவள். சின்னவள் ஷாரோன் அன்று வேறு தோப்பில் இருந்தாள்.

ஆட்டோவில் தென்காசிக்குப் போகிற வழியெல்லாம் வலியைவிட வெட்கம்தான் இசக்கிச்செல்வியைப் பிடுங்கித் தின்றது. ஊரிலேயே உயரமான மரத்தில் ஒற்றைக் கையால் குலை வெட்டுகிறவள், தரையில் நின்றபடி ஒரு வண்டியிடம் தோற்றுப்போனாள் என்று நாளைக்கு டீக்கடையில் பேசுவார்கள். தங்கத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, மரத்துல இருந்து விழுந்தேன்னு சொல்லிரு. ஸ்கூட்டிங்கிற பேச்சே ஒன் வாயில வரக்கூடாது. அருவாளத் தொட்டுச் சத்தியம் பண்ணு."

தங்கத்தாய் அரிவாளைத் தொட்டாள். தொட்டதோடு விட்டாளா?

ஆபரேஷன் முடிந்து, காலுக்குள் பிளேட் வைத்து, இசக்கிச்செல்வி கண் விழித்தபோது வார்டே தங்கத்தாயைச் சுற்றி நின்றது. அறுபதடி உயரத்திலிருந்து இசக்கிச்செல்வி வந்த கதையை அவள் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற வழியில் ஒரு குலையை வெட்டிவிட்டுத்தான் வந்தாளாம். குலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் இறங்கியதாம். ஒரு நெற்றுகூட உடையவில்லையாம். பக்கத்துக் கட்டில்காரி மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். பொய் இசக்கிச்செல்வியுடையது. கும்பிடு தங்கத்தாய்க்குப் போனது. அங்கேதான் முதல் காந்தல் தொடங்கியது.

ஷாரோன் அந்தக் கதையைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய் ஜெபத்தில் வைத்தாள். அங்கிருந்து அது வளர்ந்து செங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது, இசக்கிச்செல்வி அடுத்த மரத்து ஓலையில் சறுக்கி இறங்கியிருந்தாள். எலுமிச்சை லாரி ஓட்டுகிற அவள் புருஷன் புளியங்குடியிலிருந்து போன் பண்ணி, மெய்யாகவே வாய்க்காலுக்குள்தான் விழுந்தாயா என்று கேட்டான். வாரக்கணக்கில் வடக்கே லோடு போகிறவன் அவன். கால் சரியாகும்வரை பார்த்துக்கொள்ள இந்த இரண்டு பேரை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

கதை இப்படி ஊர் சுற்றித் திரும்பி வந்து அவள் கழுத்தையே பிடித்தது. ஒருநாள் பலவேசம் அண்ணாச்சி சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ சாவு விசாரணையில் பஞ்சாயத்தார் கையெழுத்து வாங்கிய மனுஷன். ஸ்டூலில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"செல்வி, ஒருவாட்டி தள்ளுன மரத்துல மறுபடி ஒன்னய ஏத்த எனக்கு மனசில்ல. ஒரு உசுரு போனா நான்லா பதில் சொல்லணும். இனிமே தங்கத்தாய் வெட்டட்டும்."

இலஞ்சிப் பக்கம் ஒரு தோப்புக்கு ஒரு கைதான். எந்த மரத்தில் எறும்பு, எந்த மரத்தில் பாளை சுருங்கும் என்று பழகிய கையைத் தோப்புக்காரர் லேசில் மாற்ற மாட்டார். மாற்றினால் மாற்றியதுதான். அண்ணாச்சி தோப்பு போனதும் மற்றத் தோப்புக்காரர்களும் ஒவ்வொருவராகப் பயந்துபோனார்கள். இசக்கிச்செல்விக்கு இரண்டு பக்கமும் அடி. நிஜத்தைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மரம் போகும்.

வீட்டுக்கு வந்தபிறகு அந்த இரண்டு பேரும் செய்த உதவியைக் குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பெரிய குறை. ஷாரோன் விடியுமுன் வந்து தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தங்கத்தாய் சாயங்காலம் வந்து அவளைத் தோளில் சாய்த்து நடத்தினாள். கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டிருந்தார்கள். மணல் மூட்டைக்கு எங்கே போவது? தங்கத்தாய் ஒரு மஞ்சப்பையில் குரும்பையைப் போட்டுக் காலில் கட்டினாள். அது பழகியதும் கொஞ்சம் பெரிய காய். அப்புறம் இளநீர். இசக்கிச்செல்வியின் கால் தென்னையோடு சேர்ந்தே முற்றியது என்று சொல்லலாம்.

ஒவ்வொரு காயையும் அவள் காலில் கட்டுமுன் கையில் வாங்கிப் பார்ப்பாள். செவ்விளநீர் என்றால் அண்ணாச்சி கிணற்றடி மரம். தன்னுடைய மரம். காம்பைச் சாய்த்து ஒரே வெட்டாக வெட்டியிருக்கும். தங்கத்தாய் கைதான். தன் மரத்துக் காயைத் தன் காலிலேயே கட்டித் தூக்கவைக்கிறாளே என்று நினைக்க நினைக்க வயிறு எரியும். அந்த எரிச்சலில் பத்து முறை தூக்கச் சொன்ன இடத்தில் இருபது முறை தூக்குவாள். டாக்டர் அவள் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆர்வமாய்ப் பயிற்சி செய்கிற ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஆர்வம் என்றுதான் அவருக்குத் தெரியும்.

சாரல் வலுத்து மரம் வழுக்குகிற நாட்களில் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ரம்புட்டான் வாங்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் எப்படி விழுந்தது என்று இவளாகவே கேட்பாள். பிரமாதம் என்று அவர்கள் சொன்னால் கோபம் வரும். சுமார் என்று சொன்னால் தன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று அதைவிடக் கோபம் வரும். ரம்புட்டானை மட்டும் ஒன்று விடாமல் தின்றுவிடுவாள்.

இப்படியே ஐப்பசி வந்தது. கைத்தடி ஊன்றித் தெருமுனை வரைக்கும் போய்வருகிற அளவுக்குக் கால் தேறியிருந்தது. தீபாவளியன்று காலையில் தங்கத்தாய் பலகாரத்தோடு வந்தாள். உடம்பில் கத்தரிப்பூ நிறத்தில் புதுச்சேலை.

தீபாவளிக்குத் தோப்பு ஏறுகிறவளுக்கு அண்ணாச்சி வீட்டில் சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். இத்தனை வருஷமும் அது இசக்கிச்செல்விக்கு வந்தது. பச்சையும் மஞ்சளுமாக, அண்ணாச்சி கண்ணுக்குப் பிடித்த நிறங்களில் எல்லாம் வந்தது. வேண்டாவெறுப்பாக உடுத்தினாள். இந்த வருஷம் பார்த்து மனுஷனுக்கு நல்ல நிறம் தெரிந்திருக்கிறது. தங்கத்தாய் கண்ணுக்கு லட்சணமாக வேறு இருந்தாள்.

இசக்கிச்செல்வி வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமலே எடுத்துத் தட்டில் போட்டாள். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று தங்கத்தாய் கேட்குமுன் வாசலைத் தாண்டியிருந்தாள். தெருமுனையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, வயல் வரப்போடு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவ்வளவு தூரம் நடக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்த கால் அது.

அண்ணாச்சி வெடி போடுகிற பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மரம் தன்னைத் தள்ளவில்லை, களிமண்ணில் ஸ்கூட்டி சாய்ந்ததுதான் என்றாள். அவ்வளவு பெரிய மானத்தைக் கழற்றிக் கீழே வைத்தவளை அவர் கொஞ்சமும் நம்பவில்லை.

"மொத வாக்குமூலம் ஒண்ணு, ரெண்டாவது ஒண்ணா? ஸ்கூட்டி சாஞ்சு கால் ஒடிஞ்சுதுன்னா சின்னப்பிள்ளகூடச் சிரிக்கும். தோப்புக்காக இப்படிச் சொல்லுத. சாட்சி இருக்கா?"

சாட்சி இருந்தது. கத்தரிப்பூச் சேலையில் இருந்தது. பின்னாலேயே ஓடிவந்து வாசல் கேட்டைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி தங்கத்தாயைப் பார்த்தார். உள்ளதைச் சொல்லு என்றார். இசக்கிச்செல்வி அவள் முகத்தைப் பார்க்காமல் சேலைக் கரையையே பார்த்தாள். அந்த இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அறுபதடியை எண்பதாக்கிச் சொல்லியிருப்பாள்.

தங்கத்தாய் பார்வையும் ஒருமுறை தன் சேலைக்குப் போய்வந்தது.

"அவ மரத்துல இருந்து விழல, அண்ணாச்சி. நான்லா பக்கத்துல நின்னேன். அருவாள்ல சத்தியம் வாங்கிட்டா, அதான் சொல்லல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்கூட்டியாக நிறுத்தினாள். அது மண்ணுக்குள் இறங்குவதைக் காட்டினாள். இசக்கிச்செல்வி இரண்டு கையையும் நீட்டி, விழுகிற வண்டியைப் பிள்ளையைத் தாங்குவதுபோலத் தாங்கப்போனதை அவளைவிட நன்றாகச் செய்தாள். கடைசியில் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "ஏட்டி, மிஷின் வளஞ்சிட்டான்னு பாரு" என்று இசக்கிச்செல்வி கேட்டதாகக் கேட்டாள். அப்படி அவள் கேட்கவே இல்லை. அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமினார். அவர் வீட்டம்மா அடுப்பைவிட்டு வெளியே வந்து, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

தோப்பு திரும்பிவிட்டது. டாக்டர் சரி என்று சொன்னதும் ஏறிக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. அதுவரை தங்கத்தாய் வெட்டுவாள். இசக்கிச்செல்விக்குச் சந்தோஷம்தான். என்றாலும், திரும்பி வருகையில் வரப்பில் தங்கத்தாய் தோளைப் பிடித்து நடந்தபோது மனசுக்குள் ஓடியது வேறு. தோப்பைக் கொடுத்ததும் அவள், கைதட்டு வாங்கியதும் அவள். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"ஏட்டி, சும்மா விழுந்தேன்னு சொல்லியிருந்தாப் போதும்லா? அறுபதடி, குலையோட எறங்கினேன்னு எதுக்கு ஊரெல்லாம் அளந்த?"

"சின்னதாச் சொன்னா நம்பமாட்டாவ எக்கா. ஒன் பேரு அடிபடுதுல்லா, கொஞ்சம் ஒசத்தியா இருக்கட்டும்னு பாத்தேன்."

மாசியில் டாக்டர் தலையசைத்தார். மறுநாளே மூன்று பேரும் கிணற்றடி மரத்தின் கீழ் நின்றார்கள். ஷாரோன் கம்பி வடத்தை மரத்தைச் சுற்றி மாட்டினாள். தங்கத்தாய் குனிந்து மிஷினின் கால் பட்டையை இசக்கிச்செல்வி பாதத்துக்குத் தக்கபடி இறுக்கினாள். வலது காலைத் தூக்கியதும் பிளேட் வைத்த இடம் சுருக்கென்றது. இடது காலைத் தூக்கினாள். மறுபடி வலது. கீழே அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். பாதி மரத்தில் மூச்சு வாங்க நின்றாள். வேண்டுமானால் இறங்கிவிடு எக்கா என்று தங்கத்தாய் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். அந்தக் குரல் கேட்டபிறகு இசக்கிச்செல்வியா இறங்குவாள்? ஒரே மூச்சில் மரத்தின் கொண்டையைத் தொட்டாள்.

தொட்டு, உள்ளே பார்த்தாள். தலைவாரிப் பூ வைத்த பிள்ளை மாதிரி இருந்தது மரம். காய்ந்த மட்டை ஒன்றுகூட இல்லை. எலி கடித்த குரும்பை இல்லை. வண்டு துளைத்த இடத்தில் மண்ணும் வேப்பம்புண்ணாக்கும் வைத்து அடைத்திருந்தது. குலைகள் ஒன்றையொன்று நெருக்காமல் மட்டையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தான் ஏறிய காலத்தில் இந்த மரம் இப்படி இருந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. மேலே வந்து பார்க்கிறவர்கள் மூன்றே பேர்தான்.

இசக்கிச்செல்வி மரத்தைச் சுற்றிக் கை விட்டுத் துழாவினாள். ஒவ்வொரு மட்டையின் இடுக்காகத் தேடினாள். கீழே அண்ணாச்சி பயந்துபோய், என்ன செய்கிறாள் என்று ஷாரோனிடம் கேட்டார். கடைசியில் உள்மட்டைக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு, சல்லடைத் துணி மாதிரி காய்ந்த பன்னாடை ஒன்று அகப்பட்டது. அதைப் பிய்த்து எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தபோது, கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஏட்டி தங்கத்தாய், இத எவ எடுப்பா?"

கீழே தங்கத்தாய் அண்ணாந்து பார்த்தாள். பன்னாடை காற்றில் சுழன்று சுழன்று அவள் காலடியில் வந்து விழுந்தது.