கேட்டுவிட்டு வாயை மூடு

ரும்பி ஊர் மருத்துவமனை வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் வொங்கானிக்கு வாய் ஓயாது. தான் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுவதைக்கூட ஊருக்கே சிரித்துக்கொண்டு சொல்வார். அதனால்தான் நர்ஸ் டெம்வா அவரைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டாள். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் பிரசவ நேரத்தில் மாத்திரையை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. வெளியிலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திராமல், இந்த முறை ஊர்க்காரர்களே ஆய்வு செய்யப் பழகினார்கள். புருஷன்மாரிடம் பேசுவது வொங்கானியின் வேலை.

பயிற்சியில் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்டுல ஒழுங்கா மாத்திரை போடுறாங்கதானே? போடாம என்ன."

டெம்வா தலையில் கைவைத்தாள். "கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அப்புறம் அந்த மனுஷன் எதுக்குண்ணே, டியூப் புடிச்சுக்கவா? கேளுங்க. கேட்டுட்டு வாய மூடுங்க."

அந்த மாதம் மகள் தவோங்கா தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் அவர் மாத்திரை டப்பாவைக் குலுக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மனசுல என்னம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, சும்மா இருந்தார். தட்டில் சோளக்களி ஆறிப்போனது.

"எனக்கும் இருக்குப்பா. மாத்திரைய அவர் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். புள்ள பாக்க வர்ற அத்தைங்க பையக் கிளறுவாங்க."

"என்கிட்டயுமா மறைப்ப?"

"நீதான் ஊருக்கே சொல்லிடுவியே."

அவருக்குச் சுருக்கென்றது. விடிந்ததும் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து, குலுங்காமல் மருத்துவமனைக்கு உருட்டிக்கொண்டு போனார். மாத்திரை வாங்கிய பிறகு மெல்லக் கேட்டார்: "உன் பேரு வராம இத ஆய்வுல சொல்லட்டுமாம்மா?"

தவோங்கா கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுப்பா. என்னைய மாதிரி இன்னும் எத்தன பேரோ."

இருந்தார்கள். விசாரித்ததில், பிறந்த வீட்டுக்குப் போன பலரும் மருந்தை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். இப்போது மருத்துவமனையில் "பிரசவம் எங்கம்மா?" என்று முன்கூட்டியே கேட்டு, சத்தம் போடாத துணிப்பையில் மாத்திரை கட்டிக் கொடுக்கிறார்கள்.

பேரன் பிறந்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்கும், கிருமி தொற்றாமலிருக்க, சொட்டு மருந்து. ஆறாம் வாரம் எடுத்த ரத்தத்துக்கு முடிவு வந்தது.

"கிருமி இல்லண்ணே," என்றாள் டெம்வா. "இன்னும் சில தடவ பாக்கணும். ஆனா இப்போ இல்ல."

வொங்கானி பேரன் பக்கம் குனிந்தார். பேரன் அவருடைய கிரீஸ் படிந்த விரலை இறுகப் பிடித்திருந்தான்.

"என்னப்பா, ஊருக்குச் சொல்லலயா?" என்றாள் தவோங்கா.

அவர் அவளைப் பார்த்தார். "சொல்லட்டுமா?"