மூன்றாவது மாடிக்கு ஒரு வண்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே விழுந்து விழுந்து சிரிக்கும் என் கொழுந்தியாளுக்கு நடந்தது. இப்போது அவள் சிரிப்பதில்லை.

ஆபீஸில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். ஆள் சிறிசு, கை வேகம். ஆம்புலன்ஸ் அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தில் வெப்சைட் புரோகிராமர். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால், அவர்களுடைய பக்கத்தைத் திறந்து விலாசத்தைப் போட்டு பட்டனை அழுத்த வேண்டும். அருகில் இருக்கும் வண்டியின் டிரைவருக்கு உடனே தகவல் போகும்.

போக வேண்டும். ஆனால் பாதி நேரம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

குற்றம் சர்வரில் ஓடிய ஸ்கிரிப்ட் என்கிற நிரலில் இருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. எல்லாம் ஒரே ஃபைல். டேட்டாபேஸில் தேடுவது, எந்த வண்டி என்று முடிவெடுப்பது, திரையில் காட்டுவது எல்லாம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரிப் பின்னிக் கிடந்தன. ஓரிடத்தில் கை வைத்தால் வேறோரிடத்தில் உடையும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வண்டியாக விசாரிக்க ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் திறந்து மூடும். உப்புக்கு ஒரு நடை, சர்க்கரைக்கு ஒரு நடை என்று கடைக்கு அலைகிற கதை.

சிட்டு அதைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். தேடுவது தனி ஃபைல், முடிவெடுப்பது தனி, காட்டுவது தனி. டேட்டாபேஸை ஒரே முறை திறந்து எல்லா வண்டிகளையும் ஒரே கேள்வியில் அள்ளிக்கொள்ளும். நாளைக்கு வேறொருவர் வந்து பார்த்தாலும் புரியும். தொந்தரவு இருக்காது என்று விடுமுறை நாளில் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் ஒத்திகைப் பிரதி. பொய் விவரங்கள்தான். அவற்றையும் காலையிலேயே அழித்துவிட்டாள்.

மதியம் பார்த்தால், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோரிக்கை.

“மூச்சு முட்டுது. கதவு திறந்துதான் இருக்கு.”

விலாசம், அவள் உட்கார்ந்திருந்த அதே கட்டடம். மூன்றாவது மாடி.

இவர்கள் ஆபீஸ் இரண்டாவது மாடி. மூன்றாவது மாடியில் ஆளே கிடையாது. கூட வேலை செய்யும் ‘கண்ணாடி’யின் குறும்பு என்று நினைத்துப் போன் போட்டாள்.

“விளையாடறியா?”

“நான் பையனுக்கு முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். என்ன விஷயம்?”

பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. அவள் போனை வைத்தாள். கோரிக்கையை அழித்தாள்.

இன்னொன்று வந்தது.

“அப்பா கண்ணைத் திறக்க மாட்டேங்கறாரு. சீக்கிரம் வாங்க.”

அதே விலாசம்.

நெட் வயரைப் பிடுங்கினாள். இனி வெளியிலிருந்து ஓர் எழுத்துகூட உள்ளே வர வழியில்லை.

“இன்னும் வரலையா?”

அதே விலாசம்...

தலைக்கு மேலே எதையோ தரையில் இழுக்கிற சத்தம். நாற்காலி.

அவள் கீழே ஓடிப்போய்க் காவலாளியை அழைத்துவந்தாள். அவர் சாவிக்கொத்தோடு முன்னால் ஏறினார். சாவிக்கு வேலை இல்லை. பூட்டு தொங்கியது, கதவு விரியத் திறந்திருந்தது.

“நேத்து நானே பூட்டினேனே...”

காலியான கூடம். தரை முழுக்கத் தூசி. அதில் ஒரு காலடிகூட இல்லை. நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சிட்டு அதைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

கிளம்பிவிடலாம் என்றுதான் இறங்கினாள். பையை எடுக்கும்போது திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய புதிய ஸ்கிரிப்ட் தானாகவே ஓடி முடித்திருந்தது. கண் இமைக்கிற நேரம்கூட எடுக்கவில்லை.

“வண்டி அனுப்பப்பட்டது.”

பிடுங்கிய வயர் இன்னும் தரையில்தான் கிடந்தது.

சற்று நேரத்தில் தெருமுனையில் சைரன் கேட்டது. வளர்ந்தது... வாசலில் வந்து நின்றது.

டிரைவரும் உதவியாளும் ஸ்ட்ரெச்சரோடு அவளைத் தாண்டி மேலே ஓடினார்கள். “அங்க யாரும் இல்லைங்க!” என்று கத்தினாள். அவர்கள் நிற்கவில்லை.

திரும்பி இறங்கும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது. கை நரம்பு புடைத்திருந்தது.

“வழி விடுங்கம்மா. ஆள் கனம்.”

ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணி. சுருக்கம் இல்லாமல், தட்டையாக...

துணி மட்டும்தான்.

“பயப்படாதீங்கய்யா, வந்துட்டோம்ல” என்று உதவியாள் அந்தத் துணியைப் பார்த்துச் சொன்னான்.

சிட்டு காவலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“பாவம், வயசானவரு. நாம பாக்கறப்ப எங்கம்மா இருந்தாரு?”

அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

சாயங்காலம் அந்த டிரைவர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. “வழியெல்லாம் முனகிட்டே வந்தாரும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல கதவைத் திறந்தா... ஆளே இல்லை.”

யாரிடம் சொல்ல முடியும்? புதிய ஸ்கிரிப்டை வெளியிட வேண்டாம் என்று மட்டும் மேனேஜரிடம் கெஞ்சினாள். அவர் அதை ஓட்டிப் பார்த்து அசந்துபோயிருந்தார். “பறக்குதேம்மா இது! இதையா வேண்டாங்கறே?” என்று மறுநாளே ஏற்றிவிட்டார்.

வண்டிகள் வரிசையாக வந்தன. எல்லாம் மூன்றாவது மாடிக்கு. முந்தி வந்த கோரிக்கைக்கு முதல் வண்டி என்பதுதான் விதி. அந்த மாடியில் இருப்பவர்கள் மற்ற எல்லாரையும்விட முந்தி வந்தவர்கள் போலிருக்கிறது. சிட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். வெறும் ஸ்ட்ரெச்சர்கள் கனத்துக் கனத்து இறங்கின. அதே நேரம் ஊரின் மறுகோடியில் ஒருவர், பிரசவ வலியில் துடிக்கும் மனைவியோடு வாசலில் காத்திருந்தார். அவர்களுக்கு அனுப்ப ஒரு வண்டிகூட மிஞ்சவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

மேனேஜர் அன்றே பழைய ஃபைலைத் திரும்பப் போட்டார். சிட்டு வேலையை விட்டாள். அந்த மனிதரின் வீட்டுக்கு ஒருமுறை போனாள். அவர் கதவைத் திறந்து, யார் என்ன என்றுகூடக் கேட்காமல், “இப்பதான் வந்தீங்களா?” என்றார்.

பல வாரம் கழித்துக் கண்ணாடி கூப்பிட்டான்.

“பழைய ஃபைலை அடிவரைக்கும் படிச்சேன். கூட்டம் அதிகமாகி ஸ்கிரிப்ட் திணறும்போது, ஆளோட விலாசத்தைத் தொலைச்சுடுது. தொலைச்சா அந்த இடத்துல ஒரு சோதனை விலாசத்தைப் போட்டுடுது. எழுதினவர் சோதிக்கறதுக்காகப் போட்டது, எடுக்க மறந்துட்டார்.”

“எந்த விலாசம்?”

“நம்ம மூணாவது மாடி. அது சோதனைன்னு பழைய ஃபைல் அங்க வண்டியே அனுப்பாது. உன்னோடது அனுப்பிடுச்சு.”

வீட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்துக் கிடந்தே செத்துப்போனவர்களை எல்லாம், அந்த ஸ்கிரிப்ட் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

“எத்தனை பேர்?” என்று கேட்டாள்.

“தெரியாது. அது எதையும் குறிச்சு வைக்கலை.”

“அந்த விலாசத்தைப் போடற வரியை எடுத்துட்டியா?”



“தினமும் எடுக்கறேன். காலையில வந்து பாத்தா... திரும்ப இருக்கு.”