லப்டொப்புக்குப் பட்டி வைத்த கதை

போன திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர் தம்பி கொழும்பிலிருந்து போன் எடுத்தார். குரலிலேயே ஒரு தயக்கம்.

“அக்கா... கோவிக்க வேணாம். நீங்க வாசிச்சு அனுப்பினதுல ஒரு சத்தம் வருது.”

“கழுதைதானே தம்பி? அது ரோட்டால போனது. அதுக்கு நான் என்ன செய்யிறது?”

“இல்லக்கா, கழுதை ஓகே. இயற்கையா இருக்கு. இது வேற... கிறீச் கிறீச்சுன்னு. யாரோ பழைய கட்டில்ல புரண்டு படுக்கிற மாதிரி.”

விஷயம் இதுதான். நான் எழுதும் இந்தப் பத்தியை இனிமேல் வாசிக்க மட்டுமல்ல, கேட்கவும் வைக்கலாம் என்று பத்திரிகையில் முடிவெடுத்திருக்கிறார்கள். நானே வாசித்து, நானே பதிவு செய்து, வாராவாரம் அனுப்ப வேண்டும். மூன்று முறை வாசித்து, நல்லதை எடுக்கட்டும் என்று மூன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றிலும் அந்தக் கட்டில்.

கட்டில் இல்லை. என் லப்டொப்.

இடது பக்கம், மணிக்கட்டு வைக்கிற இடத்தில் பிளாஸ்டிக் தளர்ந்துபோயிருக்கிறது. கையை வைத்தால் அமுங்கும். எடுத்தால் எழும்பும். போகும்போதும் வரும்போதும் சத்தம் போடும். எழுதும்போது எனக்கு அது பழகிவிட்டது — பக்கத்து மேசையில் இருந்து எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் கந்தோர்க்காரர் மாதிரி.

கையை வைக்காமல் வாசிக்கலாமே என்பீர்கள். திரையைக் கீழே நகர்த்துவது யார்? கடதாசியில் எடுத்து வாசிக்கலாமே? வாசித்தேன். கடதாசி சரசரத்தது. போனில் பதிவு செய்யலாமே? போன் ஒருமுறை கடலில் குளித்தது. அன்றிலிருந்து என் குரல் பானைக்குள் இருந்து வருகிறது. ஆக, லப்டொப்தான்.

“வியாழக்கிழமை பின்னேரத்துக்குள்ள சத்தமில்லாம ஒண்ணு வந்தா சரி அக்கா,” என்றார் தம்பி. “இல்லாட்டி இங்க ஒரு வாசிப்பாளரை வச்சு வாசிக்கிறதா பேசிட்டிருக்காங்க. நல்லா வாசிப்பாங்க. சாம்பிள் அனுப்புறேன், கேட்டுப் பாருங்க.”

சாம்பிள் வந்தது. கேட்டேன். நல்ல குரல்தான், ஒரு பிசிறு இல்லை. என் பழைய பத்தி ஒன்றில் என் வீட்டுக்காரர், “இஞ்சேர், சோறு போட்டாச்சோ?” என்று கேட்கிற இடம் வரும். அந்தப் பெண் அதை மரண அறிவித்தல் வாசிக்கிற தொனியில் வாசித்தார். எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு துக்கத்தோடு சோறு கேட்டதில்லை.

சிரித்தேன். சிரித்து முடிந்ததும் மனம் நொந்துபோனது. பதினொரு வருடமாக எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சை என் வாயாலேயே சொல்லிக் கேட்கவைக்க இப்போதுதான் ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. அது ஒரு துண்டு பிளாஸ்டிக்கால் கைவிட்டுப் போவதா?

செவ்வாய்க்கிழமை மன்னார் டவுனில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது இரண்டு நாள். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் பெயர் சேவியர். தொழில், படகு திருத்துவது. பள்ளிமுனையில் எங்கள் வளவிலேயே வேலை. முருகைக்கல்லில் உரசி வெடித்த பைபர் போட், அலையில் அடிபட்டு முன்பக்க அணியம் உடைந்த போட்... எல்லாம் எங்கள் முற்றத்தில் குப்புறக் கிடக்கும். 

“பத்து நாளோ?” என்றார் சேவியர். “ஒரு முழு போட்டையே நான் நாலு நாளில கடல்ல இறக்குவன். கொண்டா இஞ்ச.”

அவருக்கு ஒரு முறை உண்டு. படகைத் தொட்டதும் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்க் குத்தி ஒன்றை எடுப்பார். அந்தக் காசு செலவழிக்க அல்ல, தட்டிப் பார்க்க. படகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். இறுக்கமான இடம் ‘டொக்’ என்னும். உள்ளே விட்டுப்போன இடம் ‘டப்’ என்னும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

லப்டொப்பையும் மேசையில் குப்புறப் போட்டார். தலையைச் சரித்து, காதைக் கொடுத்து, குத்தியால் தட்டினார். டொக். டொக். டொக்... டப்.

“இஞ்சதான். இதுக்குள்ள விட்டுப்போச்சு.”

திருப்பிப் பார்த்தால் அதே இடது மூலை. எனக்கு அவர்மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது. ஆறு மாதமாக நான் உருட்டிக்கொண்டிருந்த சாமானின் நோயை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த மரியாதையில் நான் அதை அவரிடமே விட்டுவிட்டு, புதன்கிழமை காலை கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் வந்தபோது லப்டொப் மேசையில் தயாராக இருந்தது. வீடு முழுக்கப் பட்டி மணம். பட்டி என்றால், படகின் வெடிப்பில் அப்பி, காயவிட்டு, அரத்தாள் போட்டுத் தேய்க்கிற பசை. சேவியர் கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். 

“அமத்திப் பார்.”

அமத்தினேன். சத்தம் இல்லை. இன்னும் அழுத்தினேன். ம்ஹூம். கல்லு மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் வழுவழுவென்று, ஒரு கீறல் இல்லாமல், கறுப்புப் பெயின்ற் கூட அடித்து... புதிதாக வாங்கியபோதுகூட அது அவ்வளவு வடிவாக இருக்கவில்லை.

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது,” என்றார்.

“லப்டொப்போட நான் எங்கப்பா தண்ணிக்குள்ள போகப்போறன்?”

“போறாய், போகேல்ல... வேலை எண்டால் வேலையா இருக்கோணும்.”

அன்று அவருக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன். 

வியாழக்கிழமை. லீவு போட்டேன். காலை எட்டரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். முதல் ஐந்து நிமிடம் தேன் மாதிரிப் போனது. ஆறாவது நிமிடம் உள்ளே இருக்கும் காற்றாடி மெல்ல முனகியது. பிறகு இரைந்தது. பிறகு... மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினை வீட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணியதுபோல அலறியது. ஒன்பதாவது நிமிடம் லப்டொப் தானாக நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தேன். ரொட்டி சுடலாம்.

திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அடியில், காற்றுப் போக வர என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்குமே... ஒன்றுகூட இல்லை.

“இஞ்சேருங்கோ... இதில இருந்த ஓட்டையெல்லாம் எங்க?”

முற்றத்திலிருந்து பெருமையாகப் பதில் வந்தது.

“எல்லாம் அடைச்சிட்டன். முப்பதுக்கு மேல இருந்தது. இவ்வளவு ஓட்டையோட நீ எப்பிடி இவ்வளவு நாளும் பாவிச்சனி?”

“அது காத்துப் போற ஓட்டையப்பா...”

அவர் உள்ளே வந்தார். லப்டொப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 

“ஓட்டையை வச்சுக்கொண்டு ஆராவது சாமானைத் திருப்பிக் குடுப்பாங்களோ?” என்றார். ஆனால் குரலில் சுருதி குறைந்திருந்தது.

ஏசினேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே ஏசினேன். அழுகையும் வந்தது. பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பாவிட்டால் நம்முடைய சோற்றை மரண அறிவித்தல்காரி கேட்பாள் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. சாம்பிளைப் போட்டுக் காட்டினேன். தன்னுடைய வாய்ப்பேச்சை இன்னொருத்தி அப்படி வாசித்ததைக் கேட்டதும் மனிசனின் முகம் மாறிவிட்டது.

“இது நானோ?” என்றார். “விடு. பன்ரண்டு மணிக்குள்ள தாறன்.”

அதன்பிறகு அவர் நிமிரவில்லை. பேசாலையிலிருந்து படகுக்காரர் ஒருவர் போன் எடுத்து, எங்கள் முற்றத்தில் கிடக்கும் தன்னுடைய போட் என்ன மாதிரி என்று கேட்டார். “இஞ்ச ஒரு சின்ன போட் அவசரத்தில நிக்குது அண்ணை, அதை முடிச்சிட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார். என் தையல் ஊசியும் ஒரு பிளேட்டும்தான் ஆயுதம். ஒவ்வோர் ஓட்டையாகச் சுரண்டித் திறந்தார். முப்பத்திநாலு ஓட்டை. எண்ணியதும் நான், ஏசியதும் நான்.

பிறகுதான் முதல்நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தோம். பட்டிக்குள் புதைந்திருந்த ஸ்க்ரூக்களைத் தேடிக் கழற்றி, அடிமூடியைத் திறந்தோம். உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூ உருண்டு வந்தது. இடது மூலையில் அது பிடித்திருந்த பிளாஸ்டிக் குமிழ் பிளந்துபோயிருந்தது. பிடி இல்லாமல் மேல்தட்டும் அடித்தட்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. அவ்வளவுதான், ஆறு மாத முனகல்.

“இது எப்பிடிப் பிளந்தது?” என்று நான் கேட்டேன். மட்டமான சாமான், மட்டமான கம்பனி என்று திட்டவும் ஆயத்தமாக இருந்தேன்.

சேவியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நீ யோசிக்கேக்க எங்க முழங்கையை ஊண்டுவாய்?”

நாடிக்குக் கைகொடுத்து, ஜன்னலைப் பார்த்து யோசிப்பது என் வழக்கம். அந்தக் கையின் முழங்கை எங்கே இருக்கும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார். சரியாக அந்த இடது மூலையில். என் பதினொரு வருடத்துச் சிந்தனையையெல்லாம் அந்தச் சின்னக் குமிழ்தான் தாங்கியிருக்கிறது. 

இந்த இடத்தில் அவர் தொழில் கைகொடுத்தது. பைபர் ஒட்டுகிற ரெசினில் ஒரு துளி எடுத்து, இறுகும் மருந்தை ஒரு பொட்டு அதிகமாக விட்டு, பிளந்த குமிழைச் சுற்றிப் பூசினார். மன்னார் வெயிலில் அது அரை மணித்தியாலத்தில் இறுகிவிட்டது. இரண்டு தட்டும் உரசுகிற விளிம்பில் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து நூல்போல ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். ஸ்க்ரூவை முறுக்கினார். குத்தியை எடுத்துத் தட்டினார். டொக். டொக். டொக். டொக்.

காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது. மூன்று மணிக்கு வாசித்து முடித்தேன். மூன்றரைக்கு அனுப்பிவிட்டேன். கேட்டுப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும்போது ஒரு யோசனை வந்தது — முழங்கையை மடியில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். கடலோடு சீவிக்கிறவருக்கு ஓட்டை என்றால் ஒழுக்கு. அடைத்துத்தான் பழக்கம். அவரை ஏசினேனே, நான் மட்டும் என்ன? தினமும் ஆறு மணிக்கு அவர் கரைக்குப் போய்க் கூட்டாளிகளோடு கரம் பலகையில் காய் சுண்டி விளையாடுவார். ஒரு மணித்தியாலம். அதை நேரம் ஒழுகிப்போகிற ஓட்டை என்று நினைத்து, கலியாணம் முடித்த நாளிலிருந்து அடைக்கப் பார்க்கிறேன். ஒருமுறை ஒரு மாதம் மறித்தும் வைத்தேன். அந்த மாதம் வீட்டில் அவர் போட்ட சத்தத்துக்கு முன்னால் இந்தக் காற்றாடி எந்த மூலைக்கு?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்றிரண்டை அடைத்து, பெயின்ற் அடித்து வைத்திருப்பீர்கள். ஒருக்கால் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா என்று.

ஆறு மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 

“என்ன, பேசாமல் இருக்கிறாய்? காய்ச்சலோ?” என்றார்.

“இல்லை. போயிட்டு வாங்கோ.”

சந்தேகத்தோடு இரண்டுமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் படலையைத் தாண்டவும் ஆசிரியர் தம்பியின் போன் வரவும் சரியாக இருந்தது.

“அக்கா, சூப்பர். கிறீச் போயிருச்சு. இனி நீங்கதான் வாசிக்கிறீங்க. ஒரே ஒரு விஷயம்... பின்னால தூரத்துல டொக், டொக்குன்னு ஒரு சத்தம். நடுவுல ஒரு டப். வெட்டிடவா?”

அப்போதுதான் பதிவைப் போட்டுக் கேட்டேன். நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்த நேரம், சேவியர் முற்றத்தில் பேசாலைப் படகைக் குத்தியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“வெட்ட வேண்டாம் தம்பி,” என்றேன். “அது என்ர வீட்டுக்காரர். எங்க ஒழுகுது எண்டு பாக்கிறார்.”