பொட்டு வைத்த நீல விளக்கு

பல் மருத்துவக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. காரியாபட்டியிலிருந்து சிவகாசி வரை என் சுற்று. பல் அடைக்கும் விளக்கின் ஒளியை அளக்கப் பையிலிருந்து மீட்டரை எடுத்ததும் டாக்டர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று: "நீலமாத்தான எரியுது?" இரண்டு: "வாங்கும்போதே பாத்தாச்சு." மூன்று: விளக்கின் ஒளியைத் தன் நகத்தில் அடித்து, "சுடுது பாருங்க." மூன்றாவதைச் சொன்னவர் தங்கப் பதக்கம் வாங்கியவர். பதக்கம் சுவரில் மாட்டியிருந்தது.

பல் குழியை அடைக்கும் பசை அந்த நீல ஒளியில்தான் இறுகும். ஒளி குறைந்தால் மேலே மட்டும் கெட்டிப்படும். உள்ளே களியாகவே கிடந்து, சில நாளில் பெயர்ந்து வந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். அதற்குத்தான் மீட்டர்.

நான்காவது பதில் சிவகாசியில் கிடைத்தது. ஆயுத பூஜை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நான் உள்ளே போனபோது நாற்காலியில் தாயில்பட்டி அம்மா ஒருவர் இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவர். தீபாவளி ஆர்டர் நெரிக்கும் நேரத்தில் லீவு போட்டு வந்திருந்தார். பூஜைக்குப் பிறகு கடைவாய்ப்பல்லை இரண்டு முறை அடைத்தும், இரண்டு முறையும் அடைப்பு பெயர்ந்துவிட்டது.

"பல்லு சரியில்லம்மா. அடைப்பு நிக்காது. பிடுங்கிருவோம்," என்றார் டாக்டர்.

"நல்லாத்தான சார் கடிக்கிது. மூணாந்தடவயும் அடச்சுப் பாருங்களேன்."

"உங்க பல்லு அப்பிடி. நான் என்ன செய்ய?"

"பூச்சட்டியில மருந்து சரியா அடையலன்னா எங்க போர்மேன் பூச்சட்டியவா வைவாரு? எங்களத்தான் வைவாரு."

டாக்டர் அதைக் கேட்காதவர்போல ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார். நான் குறுக்கே போய், விளக்கை முதலில் அளந்துவிடலாம் என்றேன். பிடுங்கியபின் அளந்து யாருக்கு என்ன லாபம்?

விளக்கைக் கையில் வாங்கியதும் தெரிந்தது. ஒளி வெளியே வரும் கண்ணாடியின் மேல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இரண்டும் காய்ந்து ஓடாகியிருந்தன. அதற்கு மேல் கிருமி படாமல் இருக்கத் தெளிவான பிளாஸ்டிக் உறை. வாய்க்குள் போகும் கருவி அவ்வளவு சுத்தம்.

ஆயிரத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் இருநூற்றுப் பத்து காட்டியது.

"சார், இதைத் துடைக்கலையா?"

"சாமிக்கு வச்ச பொட்டு மேடம். எதுக்கு அழிக்கணும்? சுத்தி லைட் வருதுல்ல?"

ஐந்து வருடப் படிப்பு. நீல ஒளியை மறைக்க மஞ்சளையும் சிவப்பையும் விடப் பொருத்தமான நிறம் தேடினாலும் கிடைக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சை நீட்டினேன். பொட்டைக் கைப்பிடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னேன். உறையைக் கழற்றி அவரே துடைத்தார். மீட்டர் தொள்ளாயிரத்து எண்பதுக்கு ஏறியது.

ஒரு வார்த்தை மன்னிப்பு வரும் என்று பார்த்தேன். "புது மெட்டீரியல் ஒண்ணு வந்திருக்கும்மா. அதப் போட்டுப் பாப்போம், நிக்கும்," என்றார். டப்பா பழையதுதான். பாதி தீர்ந்திருந்தது.

அந்த அம்மா அவருக்கு வாயைத் திறந்து காட்டவில்லை. என்னைப் பார்த்து, "தாயி, அந்த மிசின்ல இன்னொருக்கா வச்சுக் காட்டு. எம்புட்டு இருக்கணும்?" என்றார். ஆயிரத்தை ஒட்டி என்று சொல்லி, வைத்துக் காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். அப்புறம்தான் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார்.

பசையின் ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்கை இருபது விநாடி காட்ட வேண்டும். நான் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினேன். பதினான்கில் டாக்டரின் போன் அடித்தது. அந்த அம்மாவின் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. இருபது வரை டாக்டர் விளக்கை எடுக்கவில்லை.